சும்மா நின்ற ஊற்றுவயிறன்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது, குழந்தைகளே. அது டேப்லெட்டில் விளையாடியது என்று கேள்விப்பட்டபோது நான் நம்பிவிட்டேன். அழுங்கு என்கிற எறும்புதின்னி தன் நீண்ட நாக்கால் திரையைத் தட்டியது என்றபோதும் நம்பினேன். ஆனால் கதையின் கடைசியில், ஜெயித்த ஒருவர் கொண்டாட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்துபோய் இன்னொருவருக்கு நன்றி சொன்னார் என்று வருகிறது. அதை மட்டும் பல வருடங்களாக என்னால் நம்ப முடியவில்லை. அப்படியெல்லாம் நடக்குமா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதைச் சொன்னது ஒரு மைனா. அது சொன்னபடியே சொல்கிறேன்.

அந்தக் காட்டுக்கும் பக்கத்து மலைக்காட்டுக்கும் நடுவில் ஒரு குட்டை இருந்தது. கோடை வந்தால் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றில்தான் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் அந்தத் தண்ணீருக்காக இரண்டு காட்டாரும் கடித்துக் குதறிக்கொண்டார்கள். காது அறுந்தவர், கால் ஒடிந்தவர், வீடு திரும்பாதவர் என்று இரண்டு பக்கமும் இழப்பு. கடைசியில் எல்லோரும் சலித்துப்போய் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

பூதப்போர் என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், இரண்டு காடும் அதில் மோத வேண்டும். ஜெயித்த காட்டுக்குக் காலைத் தண்ணீர். தோற்ற காட்டுக்கு உச்சி வெயிலில், மற்றவர்கள் கலக்கிவிட்டுப் போன மிச்சம்.

விலங்குகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் இந்தக் காட்டில் ஒரு டேப்லெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். மலைக்காட்டிலும் ஒன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். விலங்குகளைச் சரியாக எண்ணினார்களோ என்னவோ, டேப்லெட்டை எண்ணவில்லை. மின்வேலிக்கு வைத்த சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறும். இந்தக் காட்டில் ஒரே ஒரு பாறையின் மேல்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அதற்குச் சிக்னல் பாறை என்றே பெயர்.

விளையாட்டு இப்படி. ஆளுக்கு ஆறு பூதங்கள் கொண்ட ஓர் அணியைக் கட்ட வேண்டும். மோதல் தொடங்கும் முன்னால் இரண்டு அணிகளும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். இவர்களுடைய ஆறை அவர்கள் பார்க்கலாம், அவர்களுடைய ஆறை இவர்கள் பார்க்கலாம். பார்த்த பிறகு, ஆறில் நான்கை மட்டும் ரகசியமாகத் தேர்ந்தெடுத்துக் களத்தில் இறக்க வேண்டும். மீதி இரண்டும் வெளியே சும்மா நிற்கும்.

அணி கட்டுவது கீரியின் பொறுப்பு. கணக்குப் போடுவதில் அது கெட்டி. எந்தப் பூதம் எதை அடிக்கும், எது எதற்கு அஞ்சும் என்பதெல்லாம் அதற்குத் தலைகீழாகத் தெரியும். அது ஆசையாக வளர்த்த கொடிச்சடையன் என்ற பச்சைப் பூதம்தான் அணிக்கு உயிர். தலையிலிருந்து நீளும் கொடிகளால் எதிரியைச் சுற்றி வளைத்து நெரித்துவிடும். மாசியிலும் பங்குனியிலும் காட்டுக்குக் காலைத் தண்ணீர் கிடைத்தது கொடிச்சடையனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கீரியும் அப்படித்தான் நினைத்தது.

வரிசையில் ஆறாவதாக நிற்பது ஊற்றுவயிறன். பானை வயிறு, குட்டைக் கால், தூங்கி வழிகிற முகம். அதனிடம் இருந்தது ஒரே வித்தை. தன் மேல் பாய்ந்தாலும் சரி, பக்கத்தில் நிற்கும் தோழன் மேல் பாய்ந்தாலும் சரி, தீயை வாய் திறந்து மடமடவென்று குடித்துவிடும்.

அதை வளர்த்தது அழுங்கு. உடம்பெல்லாம் செதில், நீளமான நகம், யாராவது உரக்கப் பேசினாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும் கூச்சம். நகம் பட்டால் திரை அசையாது என்பதால் நாக்கை நீட்டி நீட்டித் தட்டியே ஊற்றுவயிறனை வளர்த்தது. அழுங்கு விளையாடி முடித்ததும் கீரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் இலையால் திரையைத் துடைக்கும்.

சித்திரை மாதப் போட்டிக்கு முன்தினம் காட்டுப்பன்றி வந்தது. முட்டி மோதி முன்னால் வருவது அதன் சுபாவம்.

"தம்பி, அந்தக் குண்டன் இதுவரை எத்தனை தடவை களத்தில் இறங்கியிருக்கிறான்?"

"ஒரு தடவைகூட இல்லை," என்றது கீரி.

"பிறகு எதற்கு அவன்? படம் எடுத்தால் ஆள் குறையாமல் இருக்கவா?"

"தீயைக் குடிப்பான் அண்ணே. செந்நாயிடம் எரிவாயன் என்று ஒரு தீப்பூதம் இருக்கிறது."

"அந்த எரிவாயன் எத்தனை தடவை இறங்கியிருக்கிறான்?"

கீரி யோசித்தது. மாசியில் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. மலைக்காட்டு அணியைக் கட்டும் செந்நாய், எரிவாயனை வரிசையில் நிறுத்துமே தவிர ஒருநாளும் களத்தில் இறக்கியதில்லை.

"அதுவும் இல்லை," என்றது கீரி.

"வராத தீக்கு ஒரு தண்ணீர்க் குடம். அதைத் தூக்கி வைத்துவிட்டு என் இடிக்கொம்பனைச் சேர். ஒரே முட்டு, எதிரி எல்லை தாண்டி விழுவான்."

கணக்கு கச்சிதமாக இருப்பதாகக் கீரிக்குத் தோன்றியது. அழுங்கைக் கூப்பிட்டது.

"தம்பி, இந்த மாதம் ஊற்றுவயிறன் வேண்டாம் என்று பார்க்கிறேன்."

"சரி அண்ணே."

"வருத்தமில்லையே?"

"அவன் எப்போதும் சும்மாதானே நிற்கிறான்," என்றது அழுங்கு. "எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது." சொல்லிவிட்டு மெல்லச் சுருண்டுகொண்டது.

மறுநாள் காலை காடு முழுவதும் சிக்னல் பாறையைச் சுற்றிக் கூடியது. திரையில் இரண்டு வரிசைகள் வந்து நின்றன. ஊற்றுவயிறன் நின்ற இடத்தில் இடிக்கொம்பன் நின்று மண்ணைக் கிளறியது. பன்றி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டது.

களம் திறந்தது. மலைக்காட்டின் பக்கமிருந்து முதலில் நடந்து வந்தது எரிவாயன்.

கீரியின் வால் மயிர் குத்திட்டு நின்றது. இடிக்கொம்பன் பாய்ந்து ஒரு பூதத்தை முட்டித் தள்ளியது உண்மைதான். ஆனால் அதற்குள் எரிவாயன் வாயைத் திறந்துவிட்டது. கொடிச்சடையனின் சடை முழுவதும் பற்றிக்கொண்டது. உயிரான பூதம் விழுந்த பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள்.

"என் கொம்பன் நன்றாகத்தான் முட்டினான்," என்றது பன்றி.

மறுநாளிலிருந்து காட்டார் உச்சி வெயிலில் குட்டைக்குப் போனார்கள். குட்டைக்குப் போகும் வழியெல்லாம் மொட்டைப் பாறை. கீரியின் மூன்று குட்டிகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தன. நாலடி வைப்பதற்குள் பாதம் கொப்புளித்துவிட்டது. ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடினால் மற்ற இரண்டும் பாறையில் நின்று அழுதன. போன மாதம் இதே நேரத்தில் தான் தண்ணீர் குடித்துத் திரும்பி, அவற்றோடு நிழலில் படுத்திருந்தது கீரிக்கு நினைவு வந்தது. தான் போட்ட கணக்கு எங்கே தவறியது என்று மட்டும் தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து அழுங்கு வந்தது. தன் அகன்ற வாலை நீட்டிப் பாறைமேல் வைத்தது. குட்டிகள் தொற்றிக்கொண்டன. வாலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, தள்ளாடித் தள்ளாடிக் குட்டை வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கீரி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் அழுங்கு சேற்றுத் தண்ணீரில் நாக்கை விட்டுக் குடிக்கத் தொடங்கிவிட்டது.

இரண்டு காட்டுக்கும் நடுவே சேதி சொல்லித் திரிகிற மைனா அன்றுதான் வந்து இறங்கியது. யார் சொன்னதையும் அவர்கள் குரலிலேயே சொல்வது அதன் பழக்கம்.

"கீரியாரே, உங்களுக்குச் செந்நாயிடமிருந்து ஒரு சேதி."

"கேலியாகத்தான் இருக்கும். சொல்லித் தொலை."

மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு செந்நாயின் கரகரத்த குரலில் பேசியது. "கீரியாரே, உமக்குக் கோடி நன்றி. உங்கள் ஊற்றுவயிறன் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் எரிவாயனைக் கையைக் கட்டி வெளியே உட்காரவைத்தேன். இறக்கினால் அந்தக் குண்டன் வந்து குடித்துத் தீர்த்துவிடுவானே. அவனை நீரே அனுப்பிவைத்துவிட்டீர். அவனை வளர்த்தவர் யாரோ, அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லும்."

சுற்றி இருந்தவர்கள் முகம் சுண்டியது. மைனா தன் குரலுக்குத் திரும்பி, "இவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

மாசியிலும் பங்குனியிலும் எரிவாயன் ஏன் வரவில்லை என்று கீரிக்கு இப்போது புரிந்தது. தன் கொடிச்சடையன் எரியாமல் இருந்தது ஏன் என்றும் புரிந்தது. அழுங்கு தன் காட்டுக்குச் செய்த உதவிக்கு முதலில் வணக்கம் சொன்னது எதிரி. அதுதான் அதை ரொம்பவும் சுட்டது.

வைகாசிப் போட்டி வந்தது. அணி கட்டும்போது பன்றி மறித்துக்கொண்டு நின்றது.

"என் கொம்பனை எடுக்கப்போகிறாயா?"

"ஆமாம் அண்ணே."

"அந்தக் குண்டன் இந்தத் தடவையாவது இறங்குவானா?"

"இறங்க வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்," என்றது கீரி.

"செந்நாய் தன் ரகசியத்தைத் தானே உளறிவிட்டது. இனிமேலும் பயப்படுமா?"

"ரகசியம் தெரிந்தால் தீக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் போய்விடுமா அண்ணே? எரிவாயனை இறக்கினால் நான் ஊற்றுவயிறனை இறக்குவேன். அது செந்நாய்க்குத் தெரியும்."

பன்றிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அதன் குட்டிகளும் வெயிலில் நடந்துகொண்டிருந்தன. வழிவிட்டது.

கீரி டேப்லெட்டை அழுங்கின் முன்னால் வைத்தது. "உன் பூதத்தை நீயே சேர்," என்றது.

அழுங்கு தயங்கித் தயங்கி நாக்கை நீட்டித் திரையைத் தொட்டது. ஊற்றுவயிறன் குலுங்கிக்கொண்டே வந்து ஆறாவது இடத்தில் நின்றது. திரையில் எச்சில் கோடாக வழிந்தது. கீரி இலையைத் தேடவில்லை. அதற்குமேல் அங்கே நிற்கத் தைரியமில்லாமல் அழுங்கு பாறைக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது.

இரண்டு வரிசைகளும் வந்து நின்றன. தேர்ந்தெடுக்கும் நேரம் ஓடத் தொடங்கியது. கீரி தன் நான்கையும் முடித்துவிட்டுக் காத்திருந்தது. அந்தப் பக்கம் செந்நாய் இன்னும் முடிக்கவில்லை. நேரம் முழுதும் தீர்கிற நிலையில்தான் அதன் நான்கும் வந்தன. முதல் பூதம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது வந்தன. நான்காவதும் வந்தது.

எரிவாயன் வரவில்லை.

பிறகு கொடிச்சடையன் சடையை விரித்தது. அதை எரிக்க யாரும் இல்லை. ஒவ்வொருவராகச் சுற்றி வளைத்து நெரித்து முடித்தது. வரிசையின் ஓரத்தில் ஊற்றுவயிறன் கொட்டாவி விட்டபடி நின்றது.

காடு ஆரவாரித்தது. பன்றியே வந்து கீரியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடியது. ஒரு சுற்று முடிந்ததும் கீரி அதன் காதில் சொன்னது: "அண்ணே, இறக்கிவிடுங்கள். ஒரு வேலை இருக்கிறது."

இறங்கிப் பாறைக்குப் பின்னால் நடந்தது. அங்கே அழுங்கு இன்னும் பந்தாகத்தான் கிடந்தது. கீரி அந்தப் பந்தின் முன்னால் உட்கார்ந்தது.

"நன்றி தம்பி."

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "யார் ஜெயித்தது அண்ணே?"

"நாம்தான்."

"ஊற்றுவயிறன் இறங்கினானா?"

"இல்லை."

"பிறகு எனக்கு எதற்கு நன்றி?"

"எரிவாயனும் இறங்கவில்லை," என்றது கீரி.

செதில்கள் ஒவ்வொன்றாக விலகின. முதலில் மூக்கு வந்தது, அப்புறம் ஒரு கண்.

"குட்டிகளைத் தூக்கி வந்தாயே, அதற்கும் சொல்லவில்லை," என்றது கீரி. "மாசியில் சொல்லவில்லை. பங்குனியிலும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

மறுநாள் விடியலில் பாறை குளிர்ந்து கிடந்தது. கீரிக்குட்டிகள் தங்கள் காலாலேயே குட்டைக்கு நடந்தன. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கரையில் எல்லோரும் நின்றார்கள், யாரும் வாய் வைக்கவில்லை. அழுங்கு முன்னால் வந்து, கூச்சத்தோடு நாக்கை நீட்டி முதல் மிடறு குடித்தது. அதன் பிறகே மற்றவர்கள் குனிந்தார்கள்.

கதை இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மைனா சிறகைக் கோதிக்கொண்டது. நம்புவதா வேண்டாமா என்று நான் வெகுகாலம் யோசித்தேன். பிறகு ஒரு நாள், அது என் ஜன்னலில் வந்து உட்கார்ந்தபோது, அதுவரை கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டேன்:

"செந்நாயின் சொல்லை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது நீதானே? உனக்கு யாராவது நன்றி சொன்னார்களா?"

அது இல்லை என்று தலையை ஆட்டியது; நானே அதற்கு நன்றி சொன்னேன், சொன்ன பிறகுதான் அந்தக் கடைசிப் பகுதியை என்னால் நம்ப முடிந்தது.

நீதி: ஜெயித்த அன்று, களத்தில் இறங்காமலே நமக்குத் துணை நின்றவரைத் தேடிப்போய் நன்றி சொல்ல வேண்டும்.