ஏழாம் நாழிகையில் விழுந்த மொட்டை

வெண்ணாவல் நாட்டு மன்னன் மகிழவர்மனின் தலையணையில் ஒரு நாள் காலை ஒரு பேன் ஊர்ந்தது. மன்னன் அலறி எழுந்து, அரண்மனையில் உள்ள அத்தனை பேரும் மறுநாள் விடியலில் மொட்டை அடிக்க வேண்டும் என்று ஓலை எழுதச் சொன்னான். அரசி ஒரு பார்வை பார்த்தாள். உடனே ‘வேண்டும்’ என்பதை ‘வேண்டாம்’ என்று மாற்றச் சொல்லிவிட்டான்.

மறுநாள் சபைக்கு வந்தால் ஒரே பளபளப்பு. தளபதி மொட்டை. வீணை வாசிப்பவர் மொட்டை. அரசியின் தோழிகள் ஏழு பேரும் மொட்டை. அரசி மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு தப்பியிருந்தாள். வெளியே வர மறுத்துவிட்டாள்.

பிரதி எழுதும் ஆதிச்சன் வேண்டுமென்றே செய்த சதி இது என்றார் அமைச்சர் கடுங்கோ. மாலைக்குள் ஆதிச்சனை நாடு கடத்தும்படி மன்னன் உத்தரவிட்டான்.

சபையில் மருதப்பன் என்றொருவன் இருந்தான். அவன் தலையும் மொட்டைதான், காற்றுப் பட்டுச் சில்லென்று இருந்தது. ஆனாலும் அழுதுகொண்டிருந்த ஆதிச்சனைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ஓலைகளையும் வாங்கிப் பார்த்தான். மூல ஓலையில் ‘வேண்டாம்’, ஏழாம் நாழிகை என்று இருந்தது. பிரதியில் ‘வேண்டும்’, அதிலும் ஏழாம் நாழிகை. மருதப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூல ஓலையின் நாழிகை பிரதியின் நாழிகைக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே புதுப் பிரதி எழுத வேண்டும் என்பது ஓலையை மிச்சம் பிடிக்க மன்னனே போட்ட சட்டம். அதை மன்னன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா?

எட்டாம் நாழிகை மணி அடித்ததும் அவன் எழுந்தான். ஒரு சோதனைக்காக, மருதப்பன் இன்று அரியணையில் அமர வேண்டும் என்று ஓர் ஆணை எழுதித் தரும்படி கேட்டான். மன்னனுக்கு வேடிக்கையாக இருந்தது, சம்மதித்தான். ஆதிச்சன் பிரதி எடுத்து அரியணைக் காவலனிடம் கொடுத்தான். அடுத்த மூச்சிலேயே, மூல ஓலையில் அதை ‘வேண்டாம்’ என்று மாற்றச் சொன்னான் மருதப்பன். மன்னனும் மாற்ற ஆணையிட்டு, மாற்றியதைப் பார்க்க அரியணையிலிருந்து இறங்கி வந்தான்.

மருதப்பன் நேரே போய் அரியணையில் உட்கார்ந்துகொண்டான். காவலன் இரண்டு ஓலைகளின் நாழிகையையும் ஒப்பிட்டுவிட்டு அவனுக்கு வணக்கம் வைத்தான்.

“நான்தான் மாற்றிவிட்டேனே” என்றான் மன்னன்.

“மாற்றினீர்கள் அரசே. ஆனால் மூலமும் எட்டாம் நாழிகை, பிரதியும் எட்டாம் நாழிகை. பிந்தாத ஓலைக்குப் புதுப் பிரதி கிடையாது. பாவம், காவலன் சட்டத்தை மீறுவானா? ஆதிச்சன்தான் மீறுவானா?”

மன்னன் தன் சட்டத்தை ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். ஆதிச்சனை விடுவிக்கச் சொன்னான்.

இனி நாழிகைக்குப் பதில் விநாடியைக் குறித்தால் சரியாகிவிடும் என்றார் கடுங்கோ, விட்டுக்கொடுக்காமல்.

மருதப்பன் அரியணையிலிருந்து இறங்கிக் கை கூப்பினான். “நாழிகைக்கு அறுபது விநாடி, உண்மைதான். ஆனால் மன்னர் மனம் மாற விநாடியே அதிகம். நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு ஓலையையும் எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்க்கட்டும்.”

“அவ்வளவு சீக்கிரமாகவா என் மனம் மாறும்?” என்று கேட்ட மன்னன், மகிழ்ச்சி தாளாமல் ஆணையிட்டான். “மருதப்பனுக்கு ஒரு பல்லக்குக் கொடுங்கள். இல்லை, குதிரை போதும்.”

மருதப்பன் அமைச்சர் பக்கம் திரும்பினான்.

“விநாடி முடிந்ததா ஐயா?”

சபையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மருதப்பன் வீட்டுக்குப் பல்லக்கும் போனது, குதிரையும் போனது.