மூன்று துண்டு அகராதி

கோணக்கரை அண்ணன் தம்பிகள் மூன்று பேரையும் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் எதற்குப் பொல்லாப்பு தேடிக்கொள்ளணும்? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்பா போனதும் சொத்தைப் பிரித்தார்கள். நிலம், மாடு, அண்டா எல்லாம் பிரித்து முடித்தபின் ஒரே ஒரு இங்கிலீஷ் அகராதி மிஞ்சியது. யாரும் விட்டுக்கொடுப்பதாயில்லை. அரிவாள்மனையில் வைத்து மூன்றாக அரிந்து, தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்துண்டு மூத்தவன் சன்னாசிக்கு, நடுத்துண்டு கொண்டல்சாமிக்கு, கடைசித் துண்டு சின்னவன் முத்திருளனுக்கு. தங்கச்சி பவளக்கொடிக்கு வெறும் அட்டை.

அந்தப் பவளக்கொடிக்கு லண்டனிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை திருமாறன் போட்டோவை அவள் தலையணைக்கடியில்தான் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா கடிதம் போட்டார்: "மாப்பிள்ளைக்குக் கோல்டு ஃபீட். வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறேன். நீங்கள்தான் பிரேக் தி ஐஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தம் நடக்காது."

மூவரும் தத்தம் துண்டோடு உட்கார்ந்தார்கள்.

"கோல்டுன்னா குளிர்ச்சி," என்றான் சன்னாசி.

"ஃபீட்டுன்னா பாதங்கள்," என்றான் கொண்டல்சாமி.

"அடப் பாவமே, மாப்ளைக்குக் கால் ஜில்லிட்டுப் போச்சா!" முத்திருளன் அழுதே விட்டான். வெந்நீர் போட முடிவானது.

அடுத்து, "உடை" என்பது சன்னாசி பங்கில் இருந்தது. "பனிக்கட்டி" கொண்டல்சாமி பங்கில் இருந்தது.

"நில்லுங்கண்ணே," என்றான் முத்திருளன். "நடுவுல 'தி' இருக்கு. அது என் பங்கு. 'குறிப்பிட்ட அந்த'ன்னு போட்டிருக்கு. கண்ட ஐஸையும் உடைக்கக் கூடாது."

"எந்த ஐஸை உடைக்கணும்?"

"அந்த ஐஸை."

வெள்ளிக்கிழமை காலை மீன் மார்க்கெட்டில் கொண்டல்சாமி ஒரு பாளத்தைத் தொட்டுக் காட்டினான்.

"தொட்டா அது 'இந்த' ஐஸுண்ணே. எட்டி நின்னு காட்டு."

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று காட்டி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அது மறுபடி 'இந்த' ஐஸ் ஆகிவிட்டது. அதனால் வாசல் கோடியில் வைத்தார்கள். சன்னாசி குழவிக்கல்லோடு வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டான்.

சற்று நேரத்தில் கார் வந்தது. மாப்பிள்ளை இறங்கியதும் இரண்டு மச்சான்மாரும் அவனைத் தூக்கி, ஷூவோடு வெந்நீர் அண்டாவில் நிறுத்தினார்கள். "அய்யோ, சுடுதே!" என்று அலறினான். "சூடு ஏறிடுச்சு!" என்று கொண்டல்சாமி கைதட்டினான். உடனே சன்னாசி குழவியை வீசினான். ஐஸ் உடையவில்லை. கார் கண்ணாடி உடைந்தது.

"ஏறுடா கார்ல! இந்தச் சம்பந்தமே வேணாம்!" என்று மாமா கத்தினார்.

பவளக்கொடி அட்டையோடு ஓடி வந்தாள். "நில்லுங்க மாமா! இந்த அட்டைக்கு உள்பக்கம் மரபுத்தொடரெல்லாம் அச்சடிச்சிருக்கு. கோல்டு ஃபீட்: பயந்து தயங்குதல். பிரேக் தி ஐஸ்: கூச்சம் போகப் பேச்சைத் தொடங்குதல்." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "கல்யாணம்னா பயமா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு," என்றான் திருமாறன், அண்டாவுக்குள் நின்றபடியே. "இப்ப உங்க அண்ணன்மாரைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றான் சன்னாசி.

"என் பங்கை யாரு கேட்டீங்க?"

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா, முடிவு பண்ணிட்டேன். இவங்கதான் என் பெட்டர் ஹாஃப்!"

அண்ணன்மார் அட்டையைக் கேட்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெட்டர் ஹாஃப் என்றால் மனைவி என்று அதில் போட்டிருந்தது; ஆனால் அது தங்கச்சி பங்காயிற்றே. மூவரும் தத்தம் துண்டைப் புரட்டினார்கள்.

"பெட்டர்னா மேலான," என்றான் சன்னாசி.

"ஹாஃபுன்னா பாதி," என்றான் கொண்டல்சாமி. உள்ளே போய் அரிவாள்மனையையும் தராசையும் தூக்கி வந்தான். "மாப்ளை, தங்கச்சி இடுப்புக்கு மேலயா, கீழயா?"

முத்திருளனுக்குத்தான் முகம் தொங்கிப்போனது. "இந்தத் தடவை என் பங்குல ஒரு வார்த்தைகூட வரலையே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மிச்சப் பாதியையாவது எனக்குக் குடுத்துடுங்கண்ணே."