மழைக்குப் பேசி வைத்தது

"என் தம்பி இன்னும் நாலு வார்த்தை பேசணும். அதுக்கு வழி சொல்லுங்க" என்றார் அருளப்பன்.

தம்பி லூர்து போன கார்த்திகையில் போடிமெட்டு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

கேட்டது பொற்கொடியிடம்.

அவள்தான் குரு. தேனியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு மாட் எழுதச் சொல்லித்தருகிறாள். கம்பெனிக்காரன் செய்து விற்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் நாமே புகுந்து புதிதாக ஆளையும் ஊரையும் சேர்த்துவிடுகிறோமே, அதற்குப் பெயர்தான் மாட். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு, லாரி ஓட்டுகிறவர். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

"எங்க பேசணும்?" என்றாள்.

அருளப்பன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

சூனியக்காரிகளும் டிராகன்களும் உள்ள பெரிய தேசம் அது. எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அண்ணன் தனியாக விளையாடுகிறாரே என்று லூர்து, சாவதற்கு இரண்டு நாள் முன்புதான், அதற்குள் ஒரு துணையாளைச் செய்து முடித்திருந்தான். கழுதை ஓட்டுகிறவன். அவனுக்குக் குரல் கொடுத்ததும் லூர்துதான். அந்தத் தேசத்திலேயே தேனித் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவன்.

"கம்ப்யூட்டர் இப்ப யார் குரல்ல வேணும்னாலும் பேசுதாமே. இவன் குரல்ல இருந்து புதுசா உண்டாக்கிடலாம்னு யூடியூப்ல சொல்றாங்க."

"செய்யலாம்."

"அதைத்தான் சொல்லிக்குடுங்கன்னு கேக்குறேன்."

"இப்ப என்னென்ன பேசுறாரு?"

"மூணே மூணு. பசிக்குதுண்ணே. நெருப்பைக் கொஞ்சம் தூண்டி விடுண்ணே. எப்பண்ணே கெளம்புறோம். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப."

"மூணாவது என்ன சொன்னீங்க?"

"எப்பண்ணே கெளம்புறோம்."



"அவரை எங்க நிறுத்தி வச்சிருக்கீங்கண்ணே?"

"வெளையாட்டுல எனக்கொரு வீடு இருக்கு, அதுக்குள்ள. கதவைச் சாத்தி வச்சிருக்கேன்."

"எப்ப இருந்து?"

"அவனை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கிருந்து. வெளிய ஓநாய் இருக்கு, கொள்ளைக்காரப் பயலுக இருக்கானுக. போனா செத்துருவான்."

"செத்தா என்ன, முன்னாடி சேவ் பண்ணி வச்ச எடத்துல இருந்து எடுத்துக்கலாம். திரும்ப நிப்பாரு."

"எடுக்கலாம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா அவன் விழுறதை ஒரு தடவை என் கண்ணு பார்த்துரும்ல."

நானாக இருந்தால், சரி விடுங்கண்ணே என்று அவர் கேட்டதைச் செய்து கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பொற்கொடி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். லூர்து செய்த மாட்டைப் பிரித்தாள். தம்பியின் வேலையைக் கலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அருளப்பன் அதைத் தொட்டதே இல்லை. உள்ளே குரல்கள் மட்டும் இருக்கிற இடத்தைத் திறந்தாள். பதிவுகளின் பெயர்கள் திரை கொள்ளாமல் கீழே கீழே ஓடின.

"இதெல்லாம் என்ன?"

"உங்க தம்பி பேசினது. இது மழை பெய்ஞ்சா பேசுறது. இது பாலத்துல ஏறினா. இது மலை ஏறும்போது. இன்னும் எதுஎதுக்கோ பேசி வச்சிருக்காரு."

அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போடுங்க. எல்லாத்தையும் வரிசையா போடுங்க, கேக்குறேன்."

பொற்கொடி அதை மூடிவிட்டு விளையாட்டைத் திறந்தாள்.

"ஏம்மா மூடினீங்க?"

"மழைக்குப் பேசினதை மழையில போய்க் கேளுங்க."

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூடப் பொறந்தவனைப் பறிகொடுத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போனார்.

பொற்கொடி கூப்பிடவில்லை. ஸ்பீக்கரில் லூர்து பசிக்குதுண்ணே என்றான்.

அருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கூட இருப்பீங்களா?"

"இருக்கேண்ணே."

விளையாட்டுக்குள் இருந்த வீட்டின் கதவைத் திறந்தார். கழுதை முதலில் வெளியே வந்தது, பின்னால் லூர்து. அருளப்பன் குழந்தையைத் தெருவில் கூட்டிப்போகிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடந்தார். ஒரு ஓடையைத் தாண்டியதும் தூறல் போட்டது.

"கழுதையே நனையுது, உனக்கென்னண்ணே கேடு? வா" என்றான் லூர்து.

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பாலத்தில் ஒன்று பேசினான். இறங்கும்போது ஒன்று. மலையில் பாதி ஏறியதும், லாரியிலேயே உக்காந்து உக்காந்து தொப்பை போட்டாச்சு, மூச்சு வாங்காம என்ன செய்யும் என்றான்.

"திமிரைப் பாருங்க" என்றார் அருளப்பன் குருவிடம். ஏழெட்டு மாதத்தில் அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

உச்சிக்குப் பக்கத்தில் ஓநாய்கள் வந்தன.

அருளப்பன் வாளை உருவுவதற்குள் ஒன்று லூர்தின் மேல் பாய்ந்தது. லூர்து கீழே விழுந்தான். பனியில் சிவப்பாகத் தெரிந்தது. அருளப்பன் கண்மண் தெரியாமல் வெட்டினார். ஓநாய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

லூர்து மெல்ல எழுந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்றான்.

அருளப்பன் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"போதும்மா. திரும்பிடுறேன். வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்."

அருளப்பன் முன்னேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. பனி பெய்துகொண்டிருந்தது.

இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றால் பேசுவதற்கென்றும் லூர்து ஒன்று வைத்திருந்தான் போலிருக்கிறது.

"அடி பட்டது எனக்குண்ணே" என்றான். "நீ ஏன் நின்னுட்ட?"