அழுத சுவர்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவருடைய பாட்டனார் கட்டிய செங்கல் அரண்மனையில் சுவர்க்காரை உதிர ஆரம்பித்தது. பண்டாரத் தலைவர் வீரபத்திரர் அரக்கையும் குங்கிலியத்தையும் காய்ச்சி, செங்கல் இடுக்கெல்லாம் அடைத்துப் பூசிவிட்டார். சுவர் பளபளவென்று மின்னியது.

மழைக்காலம் வந்ததும் சுவரின் உட்பக்கம் நீர் கசிந்தது. செங்கல் மாவாய்க் கொட்டியது.

"சுவர் ஏன் அழுகிறது?" என்றார் ராஜா.

"பூச்சு பாறை மாதிரி இருக்கிறது, மகாராஜா. செங்கல்தான் கிழடு. இடித்துவிட்டுப் புது மாளிகை கட்டலாம்" என்றார் வீரபத்திரர்.

மந்திரி அளகேசருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் காரணமும் தெரியவில்லை. சுவரைத் தடவினார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். மடப்பள்ளிக்குப் பின்னால் அரக்கு படாத சுவர் ஒன்று இருந்தது. அங்கே பழைய சுண்ணாம்புக் காரை கொஞ்சம் தேய்ந்திருந்தது. செங்கல்லோ முழுசாக இருந்தது. அதே மழை, அதே மண், அதே செங்கல்! காலையில் ஈரமாயிருந்த அந்தக் காரை மத்தியானம் காய்ந்து கிடந்ததைக் கண்டதும் மந்திரிக்குப் பொறி தட்டியது.

"அரக்கைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசலாம், மகாராஜா!"

வீரபத்திரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நகத்தால் கீறினால் உதிரும் சுண்ணாம்பா? மந்திரியார் அரண்மனைக்கு வெற்றிலை மடிக்கிறார்!"

சபையே சிரித்தது. ராஜா முகம் சுளித்தார். "நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் அரண்மனையும் இருக்காது, உம்முடைய பதவியும் இருக்காது."

அளகேசர் மெழுகு தோய்த்த அங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒரு பொட்டு நீர் நுழையாத அங்கி. இதைப் போட்டுக்கொள்ளும் தகுதி வீரபத்திரருக்கே உண்டு."

வீரபத்திரர் பூரித்துப்போய் மாட்டிக்கொண்டார். மந்திரி பருத்தி வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். முற்றத்தில் வெயில் ஏறியது. ராஜா கண் கொட்டாமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வீரபத்திரரின் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"மழையே இல்லையே. எங்கிருந்து வந்தது இவ்வளவு தண்ணீர்?" என்றார் ராஜா.

"உள்ளேயிருந்துதான், பிரபு! வெளியே போக வழியில்லை! கழற்றச் சொல்லுங்கள், வெந்து சாகிறேன்!"

"சுவரும் இதைத்தான் சொல்லி அழுதது, மகாராஜா. தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக வெளியே போகும். அந்த வழியை அடைத்தால் செங்கல்லைத் தின்றுவிடும். காரை தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பாட்டனார் சுட்ட செங்கல்லுக்கு எங்கே போவோம்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அரக்கு முழுவதையும் தம் கையாலேயே சுரண்டும்படி வீரபத்திரருக்குக் கட்டளையிட்டார். கொத்தர்கள் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அடுத்த மழையில் நனைந்த சுவர், வெயில் வந்ததும் காய்ந்தது.

"என்ன பரிசு வேண்டும், கேளும்" என்றார் ராஜா.

"இடிந்து விழும் என்றார்களே, அந்தச் சுவரை ஒட்டிய அறையைக் கொடுங்கள். குடியிருக்கிறேன்."

ராஜா சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார், ஜில்லென்று சுகமாயிருந்தது.

"வேறு எதை வேண்டுமானாலும் கேளும், மந்திரியாரே. இந்த அறை எனக்கு" என்று சொல்லி, அன்றே தம் கட்டிலை அங்கே கொண்டுவரச் சொன்னார்.