ஆடித்திறப்பும் நெடுஞ்சிறகன் தீவும்

அலையாத்தி மரத்தின் வேருக்கடியில், சேற்று வளைக்குள் உட்கார்ந்து, ஓட்டாயி என்ற நண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது. அதனால் அவளுடைய கோபமும் வயிற்றிலிருந்தே கிளம்பியது.

கோபத்துக்குக் காரணம் ஒரு கடற்காகம். பெயர் நெடுஞ்சிறகன். வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவனைப் போல ஒரு நடை.

தை மாதத்தில் அவன் வடக்கேயிருந்து வந்தான். அந்த உப்பங்கழியை வானத்திலிருந்து மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மேற்கே ஆறு, கிழக்கே கடல், நடுவே அகலமாக உப்புத் தண்ணீர். கழிக்கும் கடலுக்கும் இடையில் நீளமாக ஒரு மணல் திட்டு. வடக்கு மூலையில் ஒரு குறுகிய வாய்க்கால். அதன் வழியாகத்தான் கடல் கழிக்குள் ஏறும், வற்றும்.

"அடடா, யாருமே பார்த்திராத இடம்!" என்றான் நெடுஞ்சிறகன்.

கீழே ஆயிரக்கணக்கில் நண்டும் நத்தையும் மீனும் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களை அவன் அந்த 'யாரும்' என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பளபளவென்று சமமாகத் தெரிந்த ஒரு தரையில் இறங்கினான். இறங்கிய வேகத்தில் தொடைவரை புதைந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான், இன்னும் புதைந்தான். "காப்பாற்றுங்கள்!" என்று அலறினான்.

ஓடி வந்தவள் ஓட்டாயிதான். "எந்திரிக்காதேப்பா. நின்னா இழுக்கும். இந்த எடத்துக்குப் பேரே கால்வாங்கி. காலைத்தான் வாங்கும், வயித்தை வாங்காது. றெக்கையை விரிச்சு வயித்தால படு."

அவன் படுத்தான். அவள் தன் பெரிய வலது கொடுக்கால் அவன் காலைக் கவ்வி, பக்கவாட்டில் ஒரு இழு இழுத்தாள். சேறு அவனை விட்டது.

"எங்கள் வடக்கில் சேறு இப்படி நடந்துகொள்வதில்லை" என்றான் நெடுஞ்சிறகன். நன்றி என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. ஓட்டாயி அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

"நான் இந்த நிலத்தை ஆராய்ந்து படம் வரைய வந்திருக்கிறேன். நீ எனக்கு வழி காட்டுவாயா?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. ஓட்டாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினான்கு நாள் அவனோடு அலைந்தாள். வயல் வேலைக்காரிபோல வெயில் பார்க்காமல் நடந்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் பேர் சொன்னாள். பேரோடு காரணமும் சொன்னாள்.

"இது முதுகுத்துறை. கடல் வத்தினா நடுவுல மணல் முதுகு தெரியும். நேத்துப் பொறந்த குஞ்சுகூட நடந்து அக்கரை மேட்டுக்குப் போயிடும். கடல் ஏறினா ஆளை முக்கிடும்."

"சரி, சரி" என்றான் அவன்.

"அந்த மணல் திட்டு ஆடித்திறப்பு. இப்ப கெட்டியா, தீவாட்டம் கெடக்கும். ஆடி பொறந்தா மேக்கே மலையில மழை பேஞ்சு ஆறு வரும். இங்க ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனா ஆத்துத் தண்ணி அந்தத் திட்டை ஒடைச்சுக்கிட்டுத்தான் கடலுக்குப் போவும். வருஷா வருஷம் அதான். அதனால ஆடியில அங்க யாரும் குடியிருக்க மாட்டோம்."

"சரி, சரி" என்றான் அவன். தலையையும் ஆட்டினான். மணல் திட்டின் உச்சியில், ஈர மணலில், அலகால் கோடு கோடாகக் கீறிக்கொண்டே இருந்தான்.

சித்திரையில் படம் முடிந்தது. கழியில் இருந்த எல்லோரையும் திட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். ஆள் என்றால் உளுவை. சேற்றில் துள்ளித் துள்ளிப் போகும் அந்தச் சின்ன மீன், இந்த மூன்று மாதத்தில் அவனுக்கு எடுபிடியாகியிருந்தது.

"அன்பர்களே, இந்தக் கழியை நான் கண்டுபிடித்துவிட்டேன்" என்றான் நெடுஞ்சிறகன்.

"ஆகா!" என்றது உளுவை.

"இது காணாமப் போயிருந்துச்சா?" என்று கேட்டது ஒரு கிழட்டு நத்தை.

நெடுஞ்சிறகன் படத்தைக் காட்டினான். "நாம் நிற்கும் இந்த இடம் நெடுஞ்சிறகன் தீவு. கூட்டமாகக் குடியிருக்கத் தகுந்தது. அதோ அந்தத் துறை, வெற்றிக் கால்வாய். ஆழம் அதிகம், நடக்க முடியாது. வடக்கே பளபளக்கிறதே, அது அத்தை விரிகுடா. என்னை வளர்த்த அத்தையின் நினைவாக. திடமான தரை, இறங்க ஏற்றது."

ஓட்டாயி முன்னால் வந்தாள். "அந்தத் திடமான தரையிலதான் நீ தொடைவரைக்கும் பொதைஞ்ச" என்றாள்.

"ஆராய்ச்சியில் சிறு இடர்கள் வரும். அதையெல்லாம் படத்தில் எழுதுவதில்லை."

"இது தீவு இல்லப்பா. மூடிக் கெடக்குற வாய். ஆடித்திறப்புன்னு சொன்னேனே. அந்தப் பேரு எங்க?"

"நாகரிகமான பெயராக இல்லை. நீக்கிவிட்டேன்."

"பதினாலு நாள் ஒன்கூட நடந்தேனே. நான் எங்க?"

"மூலையில் இருக்கிறாயே" என்றான் அவன். படத்தின் கடைசி மூலையில், சின்னதாக ஒரு வரி இருந்தது. 'வழியில் ஒரு நண்டு தென்பட்டது.'

அவ்வளவுதான். ஓட்டாயி படத்தின் மேல் ஏறினாள். எட்டுக் காலாலும் அத்தை விரிகுடாவைக் கலைத்தாள். "இது கால்வாங்கி! இது ஆடித்திறப்பு! பேரை மாத்தினா ஆறு கேக்குமாடா?" என்று கத்தினாள்.

நெடுஞ்சிறகன் குனிந்து அவளுடைய வலது கொடுக்கைக் கவ்வினான். ஒரு திருகு. அது அலகோடு வந்துவிட்டது. எந்தக் கொடுக்கு அவனைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டதோ, அதே கொடுக்கு.

"இன்றிலிருந்து இது சட்டம். பழைய பெயரை யார் சொன்னாலும் ஒரு கொடுக்குப் போகும். கொடுக்கு இல்லாதவருக்கு வால் போகும்" என்றான்.

உளுவை தன் வாலைச் சட்டென்று சேற்றுக்குள் சொருகிக்கொண்டது. நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. ஒருவர்கூட ஓட்டாயிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வளைக்குள் போனவள் அன்று கடிக்க ஆரம்பித்த பல்தான்.

வைகாசியில் நாற்பது ஜோடி ஆலாக்கள் வந்தன. மெலிந்த உடம்பும் கூர்மையான சிறகும் கொண்ட கடற்பறவைகள். அவர்கள் முட்டையிட்டு வந்த கரையைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. போக்கிடம் இல்லாமல் வந்தவர்களுக்கு நெடுஞ்சிறகன் திரும்பக் கீறிய படத்தைக் காட்டி, தன் பெயர் கொண்ட தீவைக் கொடுத்தான். வடக்கே திரும்ப வேண்டிய காலம் போயும் அவன் போகவில்லை. தன் பெயர் வைத்த ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

ஆலாக்கள் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டதை ஓட்டாயி வளை வாசலிலிருந்து பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? படத்தைப் பாத்து வந்தவங்க படத்தைப் பாத்தே பொழைக்கட்டும்" என்றாள். வாயை மூடிக்கொண்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. முட்டைக்கு அந்த நியாயம் எப்படித் தெரியும்?

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் காலையில், ஓட்டாயியின் வாயில் பட்ட தண்ணீரில் உப்பு குறைந்திருந்தது. ஆற்று வெள்ளத்தின் முதல் தண்ணீர் கழிக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ருசி தெரிந்ததும் நண்டுகள் எல்லாம் கடலுக்குக் கிளம்பிவிடும். அதுதான் அவர்கள் வழக்கம். ஓட்டாயியும் கிளம்பினாள். கடலுக்குக் குறுக்குவழி, திட்டின் மேலேதான்.

திட்டில் வெயில் கொளுத்தியது. எங்கே பார்த்தாலும் மணல் நிறத்தில் குஞ்சுகள். பொரிந்து இரண்டு நாள் ஆன ஒன்று சுடுமணலில் தள்ளாடி வந்து, அவள் ஓட்டின் நிழலில் புகுந்துகொண்டது. அங்கேயே கண்ணை மூடியது.

ஓட்டாயி ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் நின்றாள். காலைத் தூக்கினால் குஞ்சின் மேல் வெயில் படும். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கடற்காகத்தின் மேல் ஆத்திரம். ஒரு மாதத்துக்கும் மேலாக வாயைத் திறக்காமல் இருந்த தன் மேலும் ஆத்திரம்.

"யாரும்மா இந்தக் குஞ்சோட தாயி? புள்ளைங்களை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. ஆறு வருது" என்று சத்தம் போட்டாள்.

மஞ்சமூக்கி என்ற ஆலா பறந்து வந்து இறங்கினாள். "ஆறா? வானத்துல ஒரு மேகம் இல்லியே அக்கா."

அதற்குள் நெடுஞ்சிறகன் வந்துவிட்டான். "வதந்தி! என் படத்தில் வெள்ளம் என்று எதுவும் இல்லை" என்றான்.

மஞ்சமூக்கி அவனைப் பார்த்தாள். நண்டின் ஒற்றைக் கொடுக்கைப் பார்த்தாள். "அக்கா, இந்த எடத்துக்கு முன்னாடி என்ன பேரு?" என்று கேட்டாள்.

நெடுஞ்சிறகன் அலகைத் திறந்தான். ஓட்டாயி மிச்சமிருந்த கொடுக்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஆடித்திறப்பு" என்றாள்.

"இது என்ன மாசம்?"

"ஆடி."

மஞ்சமூக்கி நேரே கழிக்குள் பாய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். உப்புக் கரிக்கவில்லை.

"பேருலயே சொல்லி வெச்சிருக்காங்க. அதை அழிச்சுட்டு ஒன் பேரை எழுதினியா? எங்க புள்ளைங்களை இதுல கொண்டாந்து வெச்சியா?" என்று நெடுஞ்சிறகன் மேல் பாய்ந்தாள். பின்னாலேயே எழுபத்தொன்பது ஆலாக்களும் பாய்ந்தார்கள். அவன் தலையில் கொத்தாத இடம் பாக்கி இல்லை. கடைசியில் படத்தின் மேல் படுத்து, சிறகால் தலையை மூடிக்கொண்டான்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. கடல் வத்தியிருக்கு. இப்பவே நடங்க" என்றாள் ஓட்டாயி.

அவள் முன்னால் போனாள். குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் வந்தன. ஆழம் அதிகம், நடக்க முடியாது என்று படம் சொன்ன கால்வாயின் நடுவில் மணல் முதுகு தெரிந்தது. ஐம்பத்தாறு குஞ்சுகள் முதுகுத்துறையை நடந்தே கடந்து அக்கரை மேட்டில் ஏறின.

பொரியாத முட்டைகள் பதினொன்று. அவற்றுக்குக் கால் இல்லை. தாய்ப்பறவைகள் திரும்பிப் போய் அடைகாத்து உட்கார்ந்தார்கள். பிற்பகலில் செந்நிறமாக ஆறு வந்தது. திட்டின் இடுப்பில் ஒரு விரல் அகலம் விரிசல் விட்டது; பிறகு மொத்தமும் இடிந்து கடலுக்குள் சரிந்தது. படம் முதலில் போனது. அடுத்து முட்டைகள் போயின. தாய்மார்கள் தண்ணீருக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினார்கள்.

தான் வைகாசியிலேயே வாயைத் திறந்திருந்தால் அந்தப் பதினொன்றும் பிழைத்திருக்கும் என்று ஓட்டாயிக்குத் தெரியும். அன்று அவள் கடலுக்குப் போகாமல் அக்கரை மேட்டிலேயே கிடந்தாள்.

மறுநாள் காலை வடக்கு வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போனாள். திட்டு திறந்து தண்ணீர் வடிந்துவிட்டதால் சேற்று வெளி பளபளவென்று கிடந்தது. அதன் நடுவில் தொடைவரை புதைந்து நெடுஞ்சிறகன் நின்றான். தீவு போன பிறகு, இறங்க ஏற்ற திடமான தரை என்று தானே எழுதிய இடத்தில் போய் இறங்கியிருக்கிறான். எழுந்து எழுந்து நிற்கப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் புதைந்தான். கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

"நண்டே! நல்ல வேளை வந்தாய். என் காலைப் பிடித்து இழு!" என்றான்.

"இழுக்குறதுக்குப் பெரிய கொடுக்கு வேணும். அதை நீ சித்திரையில புடுங்கிட்ட."

"அப்படியானால் அன்று என்னவோ சொன்னாயே, இந்த இடத்தின் பெயரை வைத்து. எப்படி வெளியே வருவது என்று. அதையாவது சொல்!"

"நெனப்பு இல்லையா?"

"அத்தை விரிகுடா என்றுதான் நினைவிருக்கிறது" என்றான்.

ஓட்டாயி அவனை நன்றாகப் பார்த்தாள். பதினொரு முட்டையும் அவள் கண்ணுக்குள் வந்து போயின.

"பழைய பேரைச் சொன்னா ஒரு கொடுக்குப் போவும்னு நீதான் சட்டம் போட்ட. என்கிட்ட மிச்சம் இருக்குறது ஒண்ணுதான்" என்றாள். பக்கவாட்டில் திரும்பிக் கடலைப் பார்த்து நடந்தாள்.

கடலில் மற்ற நண்டுகள் அவளுக்காகக் காத்திருந்தன. "ஏன் இவ்ளோ நேரம்? வழியில யாரையாச்சும் பாத்தியா?" என்று கேட்டன.

"வழியில் ஒரு கடற்காகம் தென்பட்டது" என்றாள் ஓட்டாயி.

வழி காட்டியவரின் பெயரையும் இடத்தின் பெயரையும் அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்பவனுக்கு, ஆபத்து வரும்போது தான் எங்கே நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் போகும்.