சோளம்மாவின் பரிசுக் கப்பல்

ஏரிக்குக் கீழே, நெல் வயலின் நடுவரப்பில் சோளம்மா என்ற எலி வளை தோண்டிக் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். மூத்தவள் கடுகு, நடுவில் எள்ளு, கடைக்குட்டி தினை. புருஷன்காரனை போன அறுவடையின்போது ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒற்றை ஆளாக மூன்று வயிற்றை நிரப்ப வேண்டும். அதனால் சோளம்மாவுக்கு எப்போதும் நேரமே கிடையாது. நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவாள், ஓட வேண்டிய இடத்தில் பறப்பாள்.

பயமும் அவளுக்கு அதிகம். இலை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "தகப்பன் இல்லாத பிள்ளைங்க, அதான் ஒண்ணும் தெரியல" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அது.

நடுவரப்பு ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரி மதகு திறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் 'மிதவை நாள்' நடத்துவார்கள். பெற்றவர்கள் இரை தேடி ஒரு நடை போய்வருகிற நேரத்துக்குள், பிள்ளைகள் தங்கள் கையாலேயே தண்ணீரில் மிதக்கும் பொருள் ஒன்றைச் செய்ய வேண்டும். குச்சி, வைக்கோல், நத்தை ஓடு, கையில் அகப்படும் எதுவானாலும் சரி. எந்த வீட்டிலும் யாருக்கும் நேரம் இல்லை என்பதால்தான் வேலையையும் இப்படிச் சின்னதாக வைத்திருந்தார்கள்.

மிதவை நாளுக்கு முதல் நாள் சோளம்மா வாய் நிறைய நெல்லோடு வீடு திரும்பினாள். வாசலில் ஒரே சேறு! குட்டைத் தண்ணீரில் ஒரு வெங்காயத்தாமரைத் தண்டு மிதந்தது. எள்ளு அதன்மேல் ஏறினான். தண்டு உருண்டது. எள்ளு தண்ணீரில் விழுந்தான். தினை கைகொட்டிச் சிரித்தான்.

"ஐயையோ! என்னடி கூத்து இது?" என்று கத்தினாள் சோளம்மா.

"அம்மா, இந்தத் தண்டைக் கடிச்சுப் பாரேன். உள்ள பஞ்சு மாதிரி இருக்கு, எல்லாம் காத்து! நல்லா மிதக்குது. ஆனா ஏறினா உருளுது. ஏன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் கடுகு.

"ஏன்னு பாக்கவெல்லாம் நமக்கு நேரமில்ல! நாளைக்கு ஊர் முன்னாடி காட்டணும். இதைக் கொண்டுபோனா சிரிப்பாங்க. குடு இங்க!"

தண்டைப் பிடுங்கிக் குப்பையில் வீசினாள். எங்கோ ஓடினாள். ஒரு கொட்டாங்கச்சியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் அடியில் ஒரு கண் பொத்தலாக இருந்தது. ஒரு பிடி ஈரக் களிமண்ணை எடுத்து 'சப்'பென்று அப்பினாள். நடுவில் ஒரு குச்சியை நட்டாள். உச்சியில் ஊதாப் பூ ஒன்றைச் செருகினாள். பிள்ளைகள் மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

"அம்மா, நான் ஒண்ணு வைக்கட்டுமா?" என்று தினை ஓர் இலையை நீட்டினான்.

"கோணலாப் போயிடும் கண்ணு. நீ தள்ளி நில்லு!"

மறுநாள் குட்டைக் கரையில் எல்லோரும் கூடினார்கள். தவளைதான் நடுவர். அடுத்த வளை நண்டின் பிள்ளைகள் கொண்டுவந்தது பாதி மூழ்கி, பாதி மிதந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. சோளம்மா வீட்டுக் கப்பல் பூ வைத்துக்கொண்டு ஜம்மென்று நின்றது.

தவளை கண்ணை உருட்டி, "கடுகு, இது நீங்களே செஞ்சதா?" என்று கேட்டது.

கடுகு அம்மாவைப் பார்த்தாள்.

"அவங்களேதான் செஞ்சாங்க! சாப்பிடக்கூட வரல, அப்படி உக்காந்து செஞ்சாங்க!" என்று முந்திக்கொண்டாள் சோளம்மா.

முதல் பரிசு ஒரு முழு வேர்க்கடலை. சோளம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். கப்பலை வளை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தாள்.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் அடங்கவில்லை. அம்மா ஒரு நடை போனதும் குப்பையில் கிடந்த தண்டையும் வேறு சில தண்டுகளையும் எடுத்துக்கொண்டு குட்டைக்கு ஓடினார்கள். ஒரு தண்டு உருண்டது. இரண்டை ஒட்டிக் கட்டினார்கள், மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதுவும் உருண்டு தினையைத் தண்ணீரில் தள்ளியது. வைக்கோல் முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி கட்டினார்கள். அம்மா வருகிற சத்தம் கேட்டால் அவ்வளவுதான், போட்டது போட்டபடி ஓடிவந்து வளைக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். சோளம்மா ஈர வாலைப் பார்த்துத் திட்டினாள். தண்டுகளை மறுபடியும் குப்பையில் வீசினாள்.

ஒரு நாள் எள்ளு மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, அந்தக் கப்பல் இருக்குல்ல..."

"அந்தக் கப்பல் மேல கை வச்சீங்க, தோலை உரிச்சுடுவேன்!" என்றாள் சோளம்மா.

ஒரு நாள் மதியம் சோளம்மா வாய்க்காலுக்கு அக்கரையில், களத்து மேட்டில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நண்டும் பக்கத்தில் ஒரு பொந்தைக் கிளறிக்கொண்டிருந்தது. அப்போது தவளை அலறிக்கொண்டு தாவி வந்தது.

"மதகைத் தொறந்துட்டாங்க! மேக்க பெரிய மழையாம்! தண்ணி வருது! மேட்டுக்குப் போங்க!"

சோளம்மாவின் வாயிலிருந்த நெல் உதிர்ந்தது. கரைக்கு ஓடினாள். அதற்குள் வாய்க்கால் நிறைந்து, நுரை கக்கிக்கொண்டு, குப்பையும் செத்தையும் இழுத்துக்கொண்டு ஓடியது. நடுவரப்பின் இரண்டு முனையும் உடைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்த துண்டு வரப்பில், வளை வாசலில், கடுகும் எள்ளும் தினையும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சுற்றிலும் தண்ணீர்.

"அம்மா! வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினான் தினை.

சோளம்மா பாயப் போனாள். நண்டு அவள் வாலைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டது.

"விடுக்கா! என் பிள்ளைங்க!"

"இந்த இழுப்புல நீ பாதி கூடத் தாண்ட மாட்டே! நீ முழுகறதை அதுங்க பாக்கணுமா? என் பிள்ளைங்க மேட்டுப் பக்கம் இருக்காங்க, இல்லேன்னா நானும்தான் குதிப்பேன். நில்லு!"

சோளம்மா கரையில் நின்று வளைப் பக்கம் பார்த்தாள். என்ன செய்வது? சட்டென்று வாசலில் நின்ற கொட்டாங்கச்சி கண்ணில் பட்டது.

"கடுகு! கப்பல்ல ஏறுங்க! மூணு பேரும் ஏறுங்க!"

கடுகு அசையவில்லை. சோளம்மாவுக்குக் கோபம் வந்தது. மறுபடி கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அடியில் இருந்த பொத்தல்! அவசரத்தில் அவள் அப்பிய ஒரு பிடி களிமண்! குட்டையில் சும்மா நின்று காட்டுவதற்கு அது போதும். இந்த வெள்ளத்தில் கரைந்து போக எத்தனை நேரமாகும்?

"ஏறாதீங்க!" என்று வீறிட்டாள். "ஐயோ, ஏறாதீங்க! அது ஒழுகும்!"

"தெரியும்மா!" என்றாள் கடுகு.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறி அந்தக் கப்பலைத் தூக்கிக்கொண்டு போனது. பூவோடு கொஞ்ச தூரம் ஆடி ஆடிப் போனது. ஒரு பக்கம் சாய்ந்தது. நடு வாய்க்காலில் 'குபுக்'கென்று உள்ளே போய்விட்டது. சோளம்மாவுக்கு உயிரே போய் வந்தது.

"அம்மா, தண்டு கெடக்கு! எப்படிக் கட்டணும், சொல்லும்மா!" என்று கடுகு கத்தினாள். இத்தனை நாளும் எதுவானாலும் அம்மாதானே சொன்னாள். மூன்று பேரும் அம்மாவின் வாயையே பார்த்தார்கள். தண்ணீர் அவர்கள் பாதத்தைத் தொட்டது.

சோளம்மா யோசித்தாள். எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் வரவில்லை. பரிசு வாங்குகிற கப்பல் கட்டத் தெரியும். ஓர் ஆளைச் சுமக்கிற ஒன்றை அவள் தன் ஆயுளில் கட்டியதில்லை.

"எனக்குத் தெரியாது கண்ணு!" என்றாள், அழுதுகொண்டே. "நீங்க அங்க விளையாடினீங்கல்ல, அது மாதிரியே கட்டுங்க! உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டுங்க!"

கடுகு ஒரு நொடி திகைத்தாள். அப்புறம் கை ஓட ஆரம்பித்தது. "எள்ளு, குப்பையிலேருந்து குண்டுத் தண்டா எடு! தினை, வைக்கோலைத் தண்ணில முக்கு! காஞ்ச வைக்கோல் ஒடியும்!"

இரண்டு தண்டுகளை அவள் ஒட்டி வைக்கவில்லை. நடுவில் இடைவெளி விட்டு வைத்தாள். குறுக்கே குச்சிகளைப் போட்டாள். எள்ளு முடிச்சுப் போட்டான். அவிழ்ந்தது. சோளம்மா அக்கரையில் துடித்தாள். "இறுக்கு! இல்ல, அந்தப் பக்கம்! ஐயோ, அப்படி இல்ல!" அவள் குரல் கேட்டதும் எள்ளுவின் கை நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ கத்தினா அவன் கட்டுவானா, உன்னைப் பாப்பானா?" என்றது நண்டு.

சோளம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் போலக் கஷ்டமான வேலையை அவள் அதுவரை செய்ததே இல்லை.

எள்ளு மறுபடி கட்டினான். வைக்கோலை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே நுழைத்து, பல்லால் இழுத்தான். முடிச்சு நின்றது. தண்ணீர் வயிற்றைத் தொட்டபோது மூன்று பேரும் ஏறினார்கள். வெள்ளம் மிதவையைத் தூக்கியது. வளை இருந்த வரப்பு அவர்களுக்குப் பின்னால் 'சொத்'தென்று சரிந்தது.

மிதவை ஆடியது, சுழன்றது. ஆனால் உருளவில்லை! சோளம்மா கரையோடு கூடவே ஓடினாள். பிள்ளைகள் கிட்ட வரவர அவளுக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திய கை தானாக விலகிவிட்டது.

"தினை! இங்க வாடா கண்ணு!"

தினை எழுந்து அம்மா பக்கம் தாவப் பார்த்தான். மிதவை சாய்ந்தது. ஒரு தண்டு தண்ணீருக்குள் அமுங்கியது. கடுகு அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"நடுவுல உக்காருடா! எல்லாரும் ஒரே பக்கம் போனா கவுந்துடும்னு அன்னிக்குப் பாத்தோம்ல?"

"ஆமா! நான் கூட விழுந்தேன்!" என்றான் தினை. நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான். மிதவை நிமிர்ந்தது.

சோளம்மா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் வளைகிற இடத்தில் கரையை ஒட்டி ஒரு நாணல் புதர் இருந்தது. வெள்ளம் மிதவையை அதன்மேல் கொண்டுபோய் மோதியது. எள்ளு ஒரு நாணலைப் பல்லால் கவ்விக்கொண்டான். பின்னாலேயே வந்த நண்டு கொடுக்கை நீட்டியது. சோளம்மா ஒவ்வொருவராகக் கழுத்தைக் கவ்விக் கரையில் போட்டாள். போட்ட பிறகும் மூவரும் இருக்கிறார்களா என்று திரும்பத் திரும்ப மோந்து பார்த்தாள்.

பிள்ளைகளை நக்கித் துவட்டும்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "கப்பல் ஒழுகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடுகு தலையைக் குனிந்துகொண்டாள். "நீ ஒரு நடை போனப்ப குட்டையில விட்டுப் பாத்தோம். மண்ணு கரைஞ்சு முழுகிடுச்சு. வெளிய எடுத்து, வேற மண்ணு வச்சு, பூவையும் செருகி, அதே இடத்துல நிறுத்திட்டோம்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

எள்ளுதான் சொன்னான். "அப்பா போனதுக்கப்புறம் அந்தப் பரிசு வாங்கின அன்னிக்குத்தான்மா நீ சிரிச்சே."

சோளம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடி ஓடிக் களைத்த அந்தத் தாய் அழுதாள். அவசரம் எதுவும் இல்லாதவள் போல வெகுநேரம் அழுதாள். தினை அவள் மடியில் ஏறி, தான் எப்படி நடுவில் உட்கார்ந்தான் என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

நேரமில்லை என்று பிள்ளைகள் கையிலிருப்பதைப் பிடுங்கி நாமே செய்து கொடுத்தால் பரிசுதான் கிடைக்கும். தானே செய்து, தோற்று, மறுபடி செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் ஆபத்து வரும்போது கை ஓடும்.