மோதிப் பார்த்த கார்

“அம்மா, நான் கிளம்புறேன். பதினோரு வருஷம் இங்க உட்கார்ந்தது வீணாப் போச்சு.”

தெய்வநாயகம் பையும் கையுமாக ஆசிரமத்து வாசலில் நின்றார். வயது அறுபத்து நாலு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு மங்கையம்மா அவரைவிட இருபது வயது சின்னவர்.

“என்ன ஆச்சு?”

“உங்களுக்குத் தெரியாததா? ஊரே பார்த்துச்சே!”

பார்க்கத்தான் பார்த்தது. எட்டு நாளைக்கு முன்னால் அவர் தம்பி உலகநாதன் இறந்துபோனார். பாடையைத் தூக்கியதும் இவர் தெருவில் விழுந்து புரண்டு அழுதார். நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. ஊர் பார்க்கிறது என்று தெரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதே தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய், “அழாதீங்க, ஆத்மாவுக்கு அழிவில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் இவரேதான்.

“ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இனிமே என்னை எடுக்கச் சொன்னீங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா எடுக்கிறது? அன்னைக்கு அழுததோட சரி, அப்புறம் ஒரு சொட்டு விடலை. சோறும் இறங்கலை. நான் இதுக்கு லாயக்கில்லை.”

“சரி, போங்க. கார் கம்பெனியைச் சுத்திப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க. கூட வாங்க. பஸ் ஸ்டாண்டும் அந்த வழிதான்.”

அம்மா தடுப்பார் என்று மனுஷர் எதிர்பார்த்திருப்பார் போல. முகம் சுண்டிப்போயிற்று. அம்மாவின் வண்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனியில் முதலில் வெல்டிங் நடக்கிற இடம். பொறி பறந்தது. ஆள் ஒருவர்கூட இல்லை. இயந்திரக் கைகள் குனிந்தன, பற்றவைத்தன, நிமிர்ந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் ஒரு கையின் மேல் இன்னும் இருந்தது.

தெய்வநாயகம் சொக்கிப்போனார். “பாருங்கம்மா, ஒரு சலனம் இல்லை! மனசுன்னா இப்படி இருக்கணும்.”

“இதுக்குத் தம்பி யாரு?” என்று கேட்டார் மங்கையம்மா.

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார்.

கடைசியாக ஒரு பெரிய கொட்டகை. ரெஹானா என்ற இன்ஜினியர் பெண் அங்கே பொறுப்பு. புதுக் காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. போன மாதம் மோதிய கார் ஒன்று அங்கே நின்றது.

முன்பக்கம் அப்படியே உள்ளே மடிந்து கிடந்தது.

“அடப்பாவமே! அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கே! இவ்வளவு மட்டமாவாம்மா செய்வீங்க?”

“நசுங்கணும்னே செஞ்சதுங்கய்யா,” என்றாள் ரெஹானா. “இது நசுங்கலைன்னா, அந்த அடி அப்படியே உள்ள இருக்கிற ஆளுக்குப் போகும்.”

“எங்க அப்பா காலத்துக் காரெல்லாம் கல்லு மாதிரி இருக்கும். எதுல மோதினாலும் மடங்காது, தெரியுமா?”

“ஆமாங்கய்யா. அப்போல்லாம் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

தெய்வநாயகம் அந்த மடிந்த தகரத்தின் மேல் கை வைத்தார். எடுக்கவில்லை.

“மோதின உடனே முதல்ல எதைப் பார்ப்பீங்க?” என்று மங்கையம்மா கேட்டார்.

“கதவைத்தாம்மா. கையால திறக்குதான்னு பார்ப்போம். திறந்துட்டா எங்களுக்கு உயிரே வந்த மாதிரி.”

ரெஹானா கைப்பிடியை இழுத்தாள். எந்தச் சிக்கலும் இல்லாமல் கதவு திறந்தது. உள்ளே இருக்கை இருக்கை மாதிரியே இருந்தது.

“ஏறி உட்காருங்க,” என்றார் மங்கையம்மா.

தெய்வநாயகம் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அம்மா கதவைச் சாத்தினார்.

அவர் எதிரே மடிந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. “உலகு... டேய் உலகு...” என்று குரல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. இந்தத் தடவை துண்டால் வாயைப் பொத்தவில்லை.

ரெஹானா பதறிப்போனாள். “அம்மா, ஐயாவுக்கு என்ன ஆச்சு? நான் போய்த் திறக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறும்மா. அவரே திறக்கிறாரான்னு பார்ப்போம்.”

வெகு நேரம் ஆயிற்று. ரெஹானா விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது.

தெய்வநாயகம் இறங்கி, முகத்தை அழுத்தித் துடைத்தார். மூச்சை ஒரு முறை நன்றாக இழுத்துவிட்டார். எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி, அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

“பசிக்குதும்மா,” என்றார்.

“பஸ் ஸ்டாண்டுகிட்ட நல்ல ஓட்டல் இருக்கு. இறக்கிவிடுறேன்.”

அவர் குனிந்து பையை எடுத்தார்.

“ஆசிரமத்துல இன்னைக்கு என்ன குழம்பும்மா?”